டைபாய்டில் போன 9 நாள் சம்பளம் கிடைக்குமா?

கேள்வி: குன்னூரில் 14 பேர் வேலை செய்யும் பல்பொருள் அங்காடியில் மூன்று வருடமாக பில் போடுகிறேன். சம்பளம் ரூ.15,000, ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். பிப்ரவரியில் டைபாய்டு. கொலக்கம்பையிலிருந்து பஸ் ஏற முடியாமல் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் காட்டினேன். ரத்தப் பரிசோதனையோடு ரூ.2,300 ஆனது. 9 நாள் சம்பளத்தையும் முதலாளி பிடித்துவிட்டார். ஏதாவது திரும்பக் கிடைக்குமா?

பதில்: சம்பளத்தில் ஒரு பகுதி கிடைக்க வழி உண்டு. கிளினிக் செலவு கிடைப்பது கடினம்.

மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்களுக்கு நோய்க்கால உதவித்தொகையை ஈ.எஸ்.ஐ. தருகிறது. முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. அந்த நாள்களைத் தற்செயல் விடுப்பில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மீதி 7 நாளுக்குச் சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம். ஜனவரி முதல் ஜூன் வரை வரும் நோய்க்கு முந்தைய ஏப்ரல்–செப்டம்பரில் கட்டிய சந்தாதான் (ஈ.எஸ்.ஐ.க்குப் பிடிக்கும் தொகை) கணக்கு. உங்களுக்கு அந்த ஆறு மாதச் சம்பளம் 90,000-ஐ 183 நாளால் வகுத்தால் தினம் ரூ.491.80, 70 சதவீதம் ரூ.344, 7 நாளுக்கு ஏறக்குறைய ரூ.2,410. ஞாயிறும் இதில் சேரும். அந்த ஆறு மாதத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்தார்கள் என்பதால் கட்டிவிட்டார்கள் என்று நம்பிவிடாதீர்கள், உங்கள் ஐ.பி. எண்ணை (ஈ.எஸ்.ஐ. காப்பீட்டு எண்) போட்டு ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் மாதவாரியாகப் பாருங்கள். 15,000-க்கு உங்கள் பங்கு 0.75 சதவீதம், அதாவது 113 ரூபாய். முதலாளி பங்கு 3.25 சதவீதம்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது சான்றிதழில். ஈ.எஸ்.ஐ. மருந்தகத்து டாக்டர் நேரில் பார்த்துத் தரும் சான்றிதழ்தான் இதற்கு அடிப்படை. குணமான பிறகு போய் நின்றால் பின்தேதி போட்டுத் தரமாட்டார். ஆனால் வர முடியாத நிலை இருந்ததென்றால் தனியார் டாக்டர் சான்றிதழை மாற்று ஆதாரமாக ஏற்க விதியில் இடம் இருக்கிறது. அதில் நோயின் பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை ஓய்வு, டாக்டரின் பதிவு எண், கையெழுத்து எல்லாம் இருக்கட்டும். பரிசோதனை அறிக்கை, பில்கள், வர முடியாததற்கான காரணத்தை எழுதிய கடிதம் ஆகியவற்றோடு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு. தாமதித்தால் வாய்ப்பு குறையும். கடை வருகைப் பதிவேட்டிலும் அதே தேதிகள் இருக்க வேண்டும். அந்த ஏழில் எந்த நாளையாவது சம்பளத்துடன் விடுப்பு என்று பதிந்திருந்தால் அந்த நாளுக்கு உதவித்தொகை வராது.

இனி, ஒதுக்கப்பட்ட மருந்தகத்துக்கு முதல் நாளே போய்விடுங்கள். அங்கே பார்ப்பதும் மருந்தும் இலவசம். வெளியில் செய்த செலவு பொதுவாக உயிருக்கு ஆபத்தான அவசரத்துக்குத்தான் திரும்பும், அதுவும் சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர் மருத்துவத் திட்டம்) கட்டண அளவுக்குள். உதவித்தொகை வாங்கும் நாள்களில் உங்களை வேலையிலிருந்து நீக்க முதலாளிக்கு உரிமை இல்லை.