வேலை போனவருக்கு வருவது சோம்பலா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. மில்லில் ஆள் குறைத்ததில் வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. ராத்திரி இரண்டு மணி வரை போனும் கையுமாக இருக்கிறார், காலையில் எழப் பத்து மணி ஆகிறது. அடிக்கடி நெஞ்செரிச்சல், தலைவலி என்கிறார். விசேஷ வீடுகளுக்குக் கூப்பிட்டாலும் வருவதில்லை. 'சோம்பேறி ஆகிட்டான்' என்கிறார் மாமியார். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: சோம்பல் இல்லை, சகோதரி. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு சின்ன ஊர், ஊரே ஒரு ஜவுளி ஆலையை நம்பிப் பிழைத்தது, 1930 வாக்கில் அது மூடிவிட்டது. மரி யஹோடா முதலான ஆய்வாளர்கள் அங்கே போய் மக்களோடு பழகிப் பார்த்து 1933இல் எழுதினார்கள். நாள் முழுக்க நேரம் இருந்தும் நூலகத்தில் இலவசமாகக் கிடைத்த புத்தகத்தை எடுப்பதுகூட வெகுவாகக் குறைந்துபோயிருக்கிறது. ஆண்களின் நடை தளர்ந்துவிட்டது, பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டார்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் சோம்பேறியாகுமா? சம்பளத்தோடு எழும் நேரம், பேச ஆள், 'இன்னார்' என்ற மரியாதை எல்லாம் சேர்ந்து போய்விடுகிறது. உங்கள் கணவர் கல்யாண வீட்டுக்கு வராததும் 'இப்போ என்ன பண்றீங்க?' என்ற அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் இருக்கும்.

உடம்பும் இதில் சேர்ந்தே கெடும். மாதக்கணக்கில் கவலையும் தூக்கக்கேடுமாக இருந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை ஏறலாம், வயிறு புண்ணாகலாம். அதனால் 'எல்லாம் மனசுதான்' என்று விடாமல் இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், 44 வயதில் நெஞ்செரிச்சல் என்றால் ஒரு ஈசிஜியும் எடுத்துவிடுவது நல்லது. நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால் உடனே போய்விட வேண்டும்.

அப்புறம், தினமும் 'ஏதாவது வேலை கிடைத்ததா' என்று கேட்பதை நிறுத்துங்கள், மாமியாரிடமும் சொல்லுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விடுவதோ பால் வாங்கப் போவதோ, காலை ஏழு மணிக்கு அவர் செய்தே ஆக வேண்டிய ஒரு காரியம் இருக்கட்டும். எழும் நேரம் சரியானால் தூக்கம் மெதுவாகத் திரும்பும். 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி ஏதாவது பேசினால் அவரைத் தனியே விடாமல் 14416க்கு உடனே கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இந்த ஏழு மாதத்தில் நீங்களும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். அவரோடு போகும்போது உங்கள் பிரஷரையும் பார்த்துக்கொண்டு வாருங்கள்.