வலை போட்டாலும் வேட்டைதான்

(டெல்டா மாவட்டங்களில் பணியாற்றி ஓய்வு பெற்ற வனவர் ஒருவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

எங்கள் தாத்தா லைசென்ஸ் துப்பாக்கியில் உள்ளான் பறவை சுட்டவர். நாங்கள் துப்பாக்கியைத் தொடுவதே இல்லை. அறுப்பு முடிந்த வயலில் வலை கட்டி, வீட்டுக் குழம்புக்கு நாலு மடையான் கொக்கு பிடிக்கிறோம். இதுவும் குற்றமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

குற்றம்தான். தாத்தா கதையைச் சொன்னதால் ஒரு பழைய விஷயம் சொல்கிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த புதிதில் லைசென்ஸ் எடுத்து வேட்டையாட இடமிருந்தது. எப்படியெல்லாம் ஆடக்கூடாது என்பதற்கு 17-ஆம் பிரிவு இருந்தது. ஓடும் வண்டியிலிருந்து சுடாதே, விளக்கடித்து மிரட்டாதே, பொழுது சாய்ந்தபின் போகாதே, புதரைக் கொளுத்தாதே என்று நீளும். வலை, கண்ணி, குழி, விஷம், வெடி எல்லாம் அந்தப் பட்டியலில்தான். உயிரோடு பிடிக்கத் தனி லைசென்ஸ் வைத்திருந்தவருக்கு மட்டும் வலைக்கு விலக்கு. ஆக, துப்பாக்கியைவிட வலை சாது என்று நீங்கள் நினைக்கிறீர்கள்; சட்டம் அன்றைக்கே அப்படி நினைக்கவில்லை.

1991 திருத்தத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். வேட்டையே கூடாது என்றான பிறகு முறை என்ன முறை? இப்போது பிடிப்பது, விரட்டுவது, கண்ணி வைப்பது, இரை போட்டு இழுப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே 'வேட்டை'. மூன்று வருஷம் வரை சிறை அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை மாதிரி சரணாலயத்துக்குள் என்றால் குறைந்தபட்சமே மூன்று வருஷம்.

வலைக்காரர்கள் வலையோடு நிற்பதில்லை என்பதுதான் என் ஆத்திரம். மற்றப் பறவைகளை ஏமாற்றித் தரையிறக்க ஒரு பறவையைக் கட்டி வைப்பார்கள். சங்கப் பாட்டிலேயே இதற்குப் 'பார்வை' என்று பெயர். முத்துப்பேட்டைப் பக்கம் ஒரு வரப்பில் அப்படி ஒரு மடையானைப் பார்த்தேன். முளைக்குச்சியில் கால் கட்டியிருந்தது. தூரத்திலிருந்து நூலை இழுத்தால் சிறகடிக்கும். அது மிரண்டு கத்தாமலிருக்க இரண்டு இமைகளையும் நூலால் தைத்திருந்தார்கள். நான் தலையைப் பிடித்துக்கொள்ள, வனக்காப்பாளர் சவரப் பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்தார். ஒரு கண் திறந்தது. இன்னொன்றில் சீழ் வைத்திருந்தது.

நானும் சின்ன வயதில் மடையான் சாப்பிட்டவன்தான். இறக்கைகளைப் பின்னி முறுக்கி மாமா கொண்டுவருவார், அம்மா மிளகு அரைத்து வைப்பாள். ருசியில்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

பிடித்த பறவைகளை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கொண்டுவந்து விற்கிறார்கள். வாங்குகிறவனுக்கு என்ன ஆகும்?
– வாசகர், கும்பகோணம்

வேட்டையாடிய விலங்கின் கறி அரசாங்கச் சொத்து. கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்ல வேண்டும். நீங்கள் வதக்கிச் சாப்பிட்டிருப்பீர்கள். அவர் வண்டியும் போகும். குற்றத்துக்குப் பயன்பட்டது என்று பிடித்தால் அதுவும் அரசுக்குத்தான். பண்ணையில் வளர்த்த ஜப்பான் காடை வேறு கதை, அதைப் போட்டுக் குழப்பாதீர்கள்.

நாற்றங்காலை மயில் நாசம் பண்ணுகிறது. எலிக்கு வைக்கும் மருந்தை நெல்லில் கலந்து வைக்கலாம் என்கிறார்கள்.
– வாசகர், பாபநாசம்

சொன்னவர் சிறைக்கு வரமாட்டார், நீங்கள்தான் போவீர்கள். மயில் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கூடுதல் பாதுகாப்புள்ள பட்டியலில் இருக்கிறது. விஷம் வைப்பதும் வேட்டை. மூன்று முதல் ஏழு வருஷம், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. அந்த நெல்லை மயில் மட்டுமா தின்னும்? பக்கத்து வீட்டுக் கோழியும் தின்னும், அப்புறம் அந்தப் பஞ்சாயத்து வேறு.

கோபம் நியாயமானது, விதைத்த முளை ஒரே காலையில் போவதை நானும் பார்த்திருக்கிறேன். நாற்றங்காலை வீட்டுக்குப் பக்கத்து வயலில் போடுங்கள். சுற்றிப் பழைய சேலை கட்டுங்கள், மேலே வலை விரியுங்கள். மூடுவதற்கான வலைதான், பிடிப்பதற்கல்ல. இரண்டு வாரம் காத்தால் நாற்று தேறிவிடும்.

ஐயா, என் பையன் பனைமரத்திலிருந்து தூக்கணாங்குருவிக் கூட்டைப் பறித்து வந்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறான். தப்பா?
– வாசகி, நன்னிலம்

பறவை முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும்கூடச் சட்டத்தில் வேட்டைதான் அம்மா. பிள்ளையை யாரும் பிடித்துப்போக மாட்டார்கள், பயப்படாதீர்கள். ஆண் குருவி பாதி கட்டியதும் பெட்டை வந்து பார்க்கும்; பிடிக்கவில்லையென்றால் அந்தக் கூடு அப்படியே நின்றுபோகும். பையன் கொண்டுவந்தது தலைப்பாகை மாதிரி அரைகுறையாக இருக்கிறதா, நீளக் குழாயோடு இருக்கிறதா என்று பாருங்கள். குழாய் இருந்தால் உள்ளே குடித்தனம் நடந்திருக்கும். இனி காற்றில் விழுந்ததை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஐப்பசிக் காற்றில் நிறையவே விழும்.