குழந்தைகளைத் தேசபக்தி நிகழ்ச்சிகளுக்கு அழைத்துப் போவதால் பயன் உண்டா?

குடியிருப்பில் நடக்கும் கொடியேற்றத்துக்குப் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே வருகிறார்கள், வற்புறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தில்லிக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. பையனுக்கு வயது பதின்மூன்று, பெண்ணுக்கு எட்டு. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

கொடியேற்றத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பிலும் ஆகஸ்ட் 15 காலையில் கூடுவோம். கொடி ஏற ஒரு நிமிடம், தேசிய கீதத்துக்கு 52 நொடி, பேச்சுகளுக்கு முக்கால் மணி நேரம். பிள்ளைகளின் கண் லட்டு டப்பாவை விட்டு நகராது. அதில் என்ன தப்பு? நானும் மூன்றாம் வகுப்பில் ஆரஞ்சு மிட்டாய்க்காகத்தான் வெயிலில் நின்றேன். குடியரசு தின அணிவகுப்புக்கும் ஒருமுறை போனோம். விடியற்காலைக் குளிரில் கிளம்பி, வரிசையில் நின்று, உள்ளே போய் உட்கார்ந்ததும் பெண் என் மடியில் தூங்கிவிட்டாள். பீரங்கி வந்தது, ஒட்டகம் வந்தது, அவள் எழுந்திருக்கவில்லை.

அவர்களை உலுக்கியது வேறொரு நிகழ்ச்சி. இந்தியா கேட் பக்கத்தில் 2019 பிப்ரவரியில் தேசியப் போர் நினைவுச்சின்னம் திறந்தார்கள் அல்லவா, அங்கே தினமும் மாலையில் உயிர்நீத்த ஒரு வீரரின் குடும்பத்தார் வந்து மலர்வளையம் வைப்பார்கள். டிக்கெட் கிடையாது. போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நான்கைந்தாகச் சேர்ந்து போனோம்.

ஒன்றுக்குள் ஒன்றாக நான்கு வட்டங்கள், நடுவில் தூணும் அணையா விளக்கும். வடிவமைத்தவர் சென்னைக் கட்டடக்கலைஞர் யோகேஷ் சந்திரஹாசன் என்று சொன்னதும் பையனுக்கு லேசாகப் பெருமை. தியாக சக்கரம் என்கிற வட்டத்துச் சுவர்களில் இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு கிரானைட் பலகை. தமிழ்ப் பெயர்களை யார் அதிகம் கண்டுபிடிப்பது என்று பிள்ளைகள் போட்டி வைத்துக்கொண்டார்கள். மதராஸ் ரெஜிமெண்ட் பெயர் கண்ணில் பட்டதும் என் பையன், "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று கத்த ஆரம்பித்தான். அது அந்த ரெஜிமெண்டின் போர் முழக்கம், யூடியூபில் பார்த்திருக்கிறான். வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனேன்.

அப்புறம் பரம் யோதா ஸ்தலம். போர்க்கள வீரத்துக்கு நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் இருக்கும் இடம். அங்கே மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் சிலை முன்னால் நின்று, "இவர் நம்ம ஆள். பம்பாயில் பிறந்த தமிழர்" என்று நானே ஆரம்பித்துவைத்தேன். 1987 நவம்பர் 25 அன்று தேடுதல் முடிந்து இரவில் திரும்பும்போது அவரையும் அவர் ஆட்களையும் மறைந்திருந்து தாக்கினார்கள். மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் சுட்டவனின் துப்பாக்கியைப் பிடுங்கி அவனைச் சுட்டார், சாகும்வரை தன் ஆட்களுக்குக் கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். பெண் வாய் பிளந்து கேட்டாள்.

"பாகிஸ்தானாப்பா, சீனாவா?"

"ரெண்டும் இல்லம்மா. இலங்கை."

"அங்க யாரு சுட்டாங்க?"

"புலிகள்னு ஒரு இயக்கம். தமிழங்கதான்."

"இவரும் தமிழ், அவங்களும் தமிழா? அப்ப யாருப்பா நல்லவங்க?"

எட்டு வயதுக்குச் சொல்லும் பதில் என்னிடம் இல்லை. நல்லவேளை, மாலை நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது. அன்று வந்தவர்கள் ஒரு வயதான அம்மாவும் அவர் பேரனும். ராணுவ வீரர்கள் இரண்டு பக்கமும் நடந்துவர, அந்த அம்மா மெதுவாகப் போய் வளையத்தை வைத்தார், கும்பிட்டார், திரும்பினார். பிகிள் ஊதினார்கள். பேச்சு எதுவும் இல்லை. செல்போனை எடுத்த என் பையன் என்ன நினைத்தானோ, திரும்பப் பையில் போட்டுவிட்டான். "அந்தப் பாட்டி அழவே இல்லையேப்பா" என்றாள் பெண்.

வெளியே வந்து சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வாங்கிக்கொண்டு நடந்தோம். கேள்வியை அவள் விடவில்லை. வேறு வழியில்லாமல் என் கதையைச் சொன்னேன். எனக்கு ஊர் ராமநாதபுரம் பக்கம். 1990இல் ஐந்தாம் வகுப்பில் மண்டபம் அகதி முகாமிலிருந்து ஒரு பையன் வந்து என் பெஞ்சில் உட்கார்ந்தான். படகில் வந்தவர்கள். ரோட்டில் பெரிய லாரிச் சத்தம் கேட்டாலே அவன் அம்மா கதவைச் சாத்திவிடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. அதே வருடம் மார்ச்சில், இலங்கைக்கு இந்தியா அனுப்பியிருந்த அமைதிப்படையின் (அந்த மேஜர் இருந்த படைதான்) கடைசி வீரர்கள் கப்பலில் சென்னைக்குத் திரும்பியபோது, அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. எங்கள் வீட்டிலேயே அது சரி என்று தாத்தாவும், உயிரைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களை இப்படியா நடத்துவது என்று பெரியப்பாவும் நாள் கணக்கில் பேசிக்கொள்ளவில்லை. அந்த மேஜர் நல்லவர், என் சிநேகிதனின் அம்மா பயந்ததும் பொய்யில்லை, அனுப்பிவைத்தவர்கள் வேறு யாரோ என்றேன். பெண்ணுக்கு எவ்வளவு புரிந்ததோ. பையன் மட்டும் மெட்ரோவில், "இதை ஸ்கூல்ல சொன்னா மிஸ் திட்டுவாங்களாப்பா?" என்று கேட்டான். சொல்லிப் பார் என்றேன். இன்னும் சொல்லவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். கொடியேற்றத்துக்கு வற்புறுத்தாதீர்கள், லட்டுக்காக வந்தால் வரட்டும். மலர்வளைய நிகழ்ச்சிக்கு ஒருமுறை இழுத்துக்கொண்டாவது போங்கள். பொழுது சாய்வதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போனால்தான் சுவர்களையும் சிலைகளையும் பார்க்க முடியும். குளிர்காலம் என்றால் ஸ்வெட்டர் கட்டாயம். பரமேஸ்வரன் சிலைக்கு முன்னால் நிற்பதற்கு முன் என்ன சொல்வது என்று வீட்டிலேயே யோசித்துக்கொண்டு போங்கள், நான் யோசிக்கவில்லை.