ஆட்டோ நிறத்தைக் கவனித்த பிள்ளைக்கு மேனேஜ்மென்ட் சீட் எதற்கு?

அண்ணாச்சி, நேற்று நீங்களும் அக்காவும் வந்தபோது "பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன், அது தப்பு. நிலத்தை அடகு வைத்து உங்கள் பாப்பாவுக்கு மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்காதீர்கள். மச்சினர் சொல்கிறார் என்பதற்காக வாங்கவே வாங்காதீர்கள், வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

பாப்பா செய்ததை நீங்கள்தான் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். குடும்ப குரூப்பில் 'சென்னை வெள்ளம்' என்று வந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஆட்டோ கறுப்பு, மேலே மட்டும் மஞ்சள், கடைப் பலகையில் மலையாளம், இது கேரளா என்றாளாம். மாமாவுக்குக் கோபமாம்.

அண்ணாச்சி, ஒரு படம் எங்கே, எப்போது எடுத்தது என்று இப்படிக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. 2018-ல் ராணுவ உடை போட்டவர்கள் இரண்டு பெண்களையும் இரண்டு குழந்தைகளையும் சுட்டுக்கொல்லும் வீடியோ ஒன்று பரவியது. எங்கள் நாட்டில் நடந்ததே இல்லை என்றது ஆப்பிரிக்காவில் இருக்கிற கேமரூன் நாட்டு அரசு. பிபிசியின் ஆப்பிரிக்கப் புலனாய்வுக் குழு, பின்னால் தெரிந்த மலைமுகடு ஏறி இறங்கும் வடிவத்தை கூகுள் எர்த்தில் தேடிப் பொருத்தி, நாட்டின் வடகோடியில் ஸெலெவெட் என்ற ஊர்ப்பக்கம் என்று பிடித்தது. வீடும் சுவரும் எப்போது வந்தன, போயின என்பதைப் பழைய செயற்கைக்கோள் படங்களில் பார்த்தார்கள். நடந்துபோகிற சிப்பாய்களின் நிழலை வைத்துச் சூரியன் நின்ற உயரத்தைக் கணக்குப் போட்டு, 2015 மார்ச் 20-க்கும் ஏப்ரல் 5-க்கும் இடையில் என்று நாளையும் நெருக்கினார்கள். 2020-ல் நான்கு ராணுவத்தினருக்கு 10 ஆண்டு சிறை.

இதற்கு அடிப்படை புவியியல். அரசு கலைக் கல்லூரியில் இளங்கலைப் புவியியல், அப்புறம் எம்.எஸ்சி. ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ், அதாவது வரைபடங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் கணினியில் ஆராய்கிற படிப்பு. வரைபட வேலைக்கான க்யூஜிஐஎஸ் மென்பொருளுக்குக் காசு இல்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களும் இலவசம், படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். டேராடூனில் இஸ்ரோவின் தொலையுணர்வு (செயற்கைக்கோள் படங்களிலிருந்து தரையை அறிவது) நிறுவனம் இலவசமாகவே ஆன்லைன் வகுப்பு நடத்துகிறது.

வீடியோவின் இடமும் நாளும் தேடுவதை மட்டுமே செய்யும் வேலைகள் குறைவு, மறைக்க மாட்டேன். ஆனால் அதே படிப்புக்கு வரைபட நிறுவனம், நகரத் திட்டமிடல், நில அளவை என்று வாசல்கள் உண்டு. ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது, கடனும் இருக்காது. ஒன்றே ஒன்று, யாரோ ஒரு பெண்ணின் செல்ஃபியை வைத்து அவள் வீட்டைத் தேடுகிற விளையாட்டு மட்டும் கூடவே கூடாது, பாப்பாவிடம் நானே சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்புங்கள். ஒரு போட்டோ தருவேன், எந்தத் திசை பார்த்து எடுத்தது என்று நிழலை வைத்து அவள் சொல்லட்டும். மச்சினர் வேண்டாம்.