குப்பையிலிருந்து முதலிடம் வரை

கேள்வி: ‘அமெரிக்கன் டாப் 40’ வானொலி நிகழ்ச்சியின் வரலாற்றைச் சொல்ல முடியுமா? வாராவாரம் பாட்டுகளுக்கு வரிசை எண் போட்டுக் குப்பைகளைக் கோபுரத்தில் ஏற்றியவை இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள்தானே?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: குப்பை என்று நீங்களே எடுத்துக்கொடுத்துவிட்டீர்கள். நிகழ்ச்சியை நடத்திய கேஸி கேஸமின் பாணி நிஜமாகவே குப்பைத்தொட்டியில் கிடைத்ததுதான். 1960-களின் தொடக்கத்தில் அவர் கலிஃபோர்னியாவில் ஒரு வானொலி நிலையத்தில் டிஸ்க் ஜாக்கி, அதாவது இசைத்தட்டு போட்டு நடுநடுவே பேசுகிறவர். குரலை மாற்றி மாற்றிக் கோமாளித்தனம் செய்துகொண்டிருந்தவரிடம், அதை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யும்படி மேலாளர் சொல்லிவிட்டார். என்ன செய்வதென்று விழித்தபோது, குப்பையில் கிடந்த ஒரு பழைய பாப் இசைப் பத்திரிகை கண்ணில் பட்டதாம். அதிலிருந்த துணுக்குகளைப் பாட்டுக்கு முன்னால் பாதி, பாட்டு போட்ட பிறகு மீதி என்று சொல்ல ஆரம்பித்தார். கேஸமே சொல்லிவந்த கதை இது.

கவிதை அனுப்பிவிட்டு ‘குப்பைக்கூடைக்குப் போய்விட்டதா?’ என்று கேட்டு எழுதும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். (அந்தக் கடிதங்கள் பல சமயம் கவிதையைவிட நன்றாக இருக்கின்றன.) கூடைக்குள் போனால் கதை முடிந்தது என்று அர்த்தமில்லை; யாராவது ஒரு டிஸ்க் ஜாக்கி வரலாம். வரிக்கு வரி மூன்று புள்ளி வைக்கிறவர்களுக்கு மட்டும் இந்த ஆறுதல் கிடையாது. இதைச் சொன்னதற்காக ஒரு பேராசிரியர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவருடைய மௌனத்தில் மூன்று புள்ளிகள் இருக்கின்றன.

சரி, வரலாறு. 1970 ஜூலை 4-ஐ ஒட்டிய வார இறுதியில், ஏழே ஏழு நிலையங்களில் ஆரம்பித்தது. பில்போர்ட் பத்திரிகையின் ‘ஹாட் 100’ பட்டியலில் முதல் நாற்பது பாட்டுகளை நாற்பதிலிருந்து ஒன்று வரை போட்டார்கள். நேரடி ஒலிபரப்பு இல்லை. மணிக்கு ஒன்றாக மூன்று எல்பி இசைத்தட்டுகள் வாராவாரம் நிலையங்களுக்குப் போகும்; உள்ளூர் விளம்பரங்களுக்கு இடைவெளி விட்டிருக்கும். 1978-ல் மூன்று மணி நேரம் நான்கானது. தூரத்தில் இருப்பவர்களுக்குப் பாட்டை அர்ப்பணிக்கச் சொல்லி நேயர்கள் எழுதிய கடிதங்களை வாசிக்கும் பகுதியும் அந்த ஆண்டுதான் வந்தது.

அந்தக் கடிதங்களில்தான் கேஸம் மாட்டிக்கொண்டார். 1985-ல் ஒரு நேயர், செத்துப்போன தன் நாய் ஸ்நகிள்ஸுக்காக ஒரு பாட்டு கேட்டார். அதற்கு முந்தின பாட்டோ துள்ளாட்டம். குதித்து முடித்த கையோடு எப்படி இழவு சொல்வது? உலகமே உருகும் குரல்காரர், தயாரிப்பாளர்களை ஒலிப்பதிவின் நடுவே அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகளால் அர்ச்சித்துத் தள்ளினார். வெட்டி எறிந்திருக்க வேண்டிய அந்த டேப் கைமாறிக் கைமாறி ஊர் முழுக்கப் போனது. 1991-ல் நெகட்டிவ்லாண்ட் என்ற குழு அதைத் தங்கள் இசைத்தட்டிலேயே சேர்த்து வழக்கு வரை போனது. நாற்பது பாட்டில் எதை மறந்தாலும் ஸ்நகிள்ஸை யாரும் மறக்கவில்லை.

கேஸம் 1988-ல் விலகினார், பத்து ஆண்டு கழித்துத் திரும்பினார், 2004-ல் நிகழ்ச்சியைத் தொகுப்பாளர் ரயன் சீக்ரெஸ்டிடம் விட்டுவிட்டுப் போனார்.

கோபுரத்துக்கு வருகிறேன். குப்பை எது என்று மேலிடத்தில் ஒருவர் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்தாயிற்று. 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்கு சினிமா பாட்டு ஆகாது. அகில இந்திய வானொலியில் அது மறைந்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே இலங்கை வானொலியில், இந்தி சினிமா பாட்டுகளுக்கு வரிசை எண் போட்ட அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ நிகழ்ச்சி தொடங்கி, புதன்கிழமை இரவுகளில் இந்தியாவின் காதெல்லாம் கொழும்புப் பக்கம் திரும்பியது. 1957-ல் விவித் பாரதியைத் தொடங்கி அதே சினிமா பாட்டுகளை அரசாங்கமே போட வேண்டி வந்தது. அப்போதும் அமைச்சர் கேஸ்கர்தான்.