தோட்டத்தில் உயர்மின் கோபுரம்: தடுக்க முடியுமா, எவ்வளவு கேட்கலாம்?

கேள்வி: திருப்பூர் மாவட்டத்தில் எனக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. அதன் நடுவே 400 கே.வி. மின்பாதை போகிறது, கோபுரம் ஒன்றும் வரும் என்று வந்து அளந்துவிட்டுப் போனார்கள். என்னிடம் சம்மதக் கடிதம் எதுவும் வாங்கவில்லை. வேலையைத் தடுக்க முடியுமா?

பதில்: முதலில் ஒரு தாளைக் கேளுங்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி அந்த நிறுவனத்துக்கு அரசு கொடுத்த அதிகார ஆணை அது. அது இருந்தால் 1885 தந்திச் சட்டத்தில் தந்தி அதிகாரிக்கு இருந்த அதிகாரம் நிறுவனத்துக்கு வந்துவிடும். உங்கள் முன்சம்மதம் தேவையில்லை. 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையே சொல்லிவிட்டது. 'தந்திச் சட்டத்தைத்தான் ரத்து செய்துவிட்டார்களே' என்று சிலர் சொல்வார்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டம், மின்பாதைகளுக்கு மட்டும் அதன் மூன்றாம் பகுதி தொடரும் என்று தனியே காப்பாற்றி வைத்திருக்கிறது.

164 ஆணை இல்லையென்றால் கதை வேறு. அப்போது மின் நிறுவனங்களின் வேலைகளுக்கான 2006 பணி விதிகள்தான் பொருந்தும். உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். நீங்கள் ஆட்சேபித்தால், கலெக்டரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் குழி வெட்டக்கூடாது. தெருவுக்கு வரும் சாதாரண மின்கம்பங்கள் பெரும்பாலும் இந்த வகைதான். எனவே 164 ஆணை, வழித்தட வரைபடம், உங்கள் புல எண்ணில் வரும் கோபுரத்தின் எண் ஆகியவற்றின் நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் உடனே கேளுங்கள். அங்கீகரித்த தடத்தை விட்டு, யாரோ ஒருவர் நிலத்தைக் காப்பாற்ற உங்கள் பக்கம் வளைத்திருந்தால், அதுதான் உயர் நீதிமன்றத்தில் நிற்கும் வாதம்.

ஆணை இருந்தும் நீங்கள் மறித்தால், நிறுவனம் தந்திச் சட்டத்தின் 16(1) பிரிவில் கலெக்டரிடம் போகும். அங்கே வாய்தாவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். தடத்தைத் தோப்பின் ஓரமாக நகர்த்த முடியும் என்பதை எஃப்எம்பி எனும் புல அளவீட்டு வரைபடத்தில் குறித்து எழுத்தில் கொடுங்கள். கலெக்டர் உத்தரவுக்குப் பிறகும் மறித்தால் அது குற்ற வழக்காகிவிடும்.

நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும். நிறுவனத்துக்கு வருவது பயன்பாட்டு உரிமை மட்டுமே. இதைக் காட்டித்தான் 'நிலத்துக்கு எதற்குப் பணம்' என்று பேரம் பேசுவார்கள். மத்திய மின்துறை 2024 ஜூன் 14இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் கோபுர அடிநிலத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பிக்குக் கீழுள்ள வழித்தடத்துக்கு 30 சதவீதம் என்று இருக்கிறது. மாநிலத்துக்குள் மட்டும் ஓடும் பாதையென்றால் மாநில அரசு ஏற்று ஆணையிட்ட விகிதத்தைப் பாருங்கள்.

பலரும் கோபுரக் காசை வாங்கிக்கொண்டு வழித்தடத்தை மறந்துவிடுகிறார்கள். கணக்கைப் பாருங்கள். நாலு காலுக்கும் இடையே 15 மீட்டர் என்றால், பக்கத்துக்கு ஒரு மீட்டர் சேர்த்து 17க்கு 17, சுமார் 7 சென்ட். 400 கே.வி. வழித்தடம் பொதுவாக 46 மீட்டர் அகலம். உங்கள் தோப்பில் 100 மீட்டர் ஓடினாலே ஒரு ஏக்கர் 14 சென்ட் ஆகிவிடும். ஏக்கர் 20 லட்சம் என்று வைத்தால் கோபுரத்துக்கு மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, வழித்தடத்துக்கோ ஏழு லட்சத்தை ஒட்டி வரும்.

மரத்துக்கான பணம் இதில் சேராது. தென்னை தென்னையாக எண்ணி, வயது, காய்ப்பு எழுதி, வி.ஏ.ஓ. முன்னிலையில் மகஜர் (சாட்சிகளோடு எழுதும் பதிவு) போடச் சொல்லுங்கள். வெட்டுமுன் தேதியோடு படமெடுங்கள். கிராமப் பயிர்ப் பதிவேடான அடங்கலில் தென்னை என்று பதிவு இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். பாதை வந்த பிறகு நட்ட மரத்துக்குச் சல்லிக்காசு கிடைக்காது.

காசோலை கொடுக்கும்போது 'முழுத் தொகையும் பெற்றேன், இனி உரிமை கோரமாட்டேன்' என்று அச்சடித்த ரசீதை நீட்டுவார்கள். 'ஆட்சேபணையுடன் பெற்றேன்' என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். தொகை போதாது என்றால் தந்திச் சட்டத்தின் 16(3) பிரிவில் மாவட்ட நீதிபதியிடம் மனு போடலாம். வழிகாட்டுதல் விகிதத்தோடு அவர் நின்றுவிட வேண்டியதில்லை. கம்பி ஓரமாகப் போகிறதா, நிலத்தை நடுவில் பிளக்கிறதா, மீதி நிலத்தின் மதிப்பு எவ்வளவு விழுந்தது என்பதையெல்லாம் பார்க்கச் சொல்லி 2007இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நடுத்தோப்பில் போகும் உங்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும். பக்கத்துச் சர்வே எண்களில் நடந்த கிரயப் பத்திரங்களின் நகல்களைச் சேர்த்துக் கொடுங்கள். இந்த மனுவுக்குக் கெடு மூன்று ஆண்டு.