நெஞ்சின் மேல் ஏறி அமுக்குவது யார்?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. இந்த வருடம் மலேசியாவின் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதுகிறாள். கோலாலம்பூர், செந்தூலில் ஃபிளாட் வீட்டில் இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் எங்களிடம் சொல்லாமல் தோழிகளோடு பாழடைந்து கிடக்கும் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிப் பக்கம் போய் வீடியோ எடுத்திருக்கிறாள். கொஞ்ச நாளில் இது ஆரம்பித்தது: விடியற்காலையில் கண் விழித்தால் கைகால் அசைக்க முடியவில்லை, தலைவிரி கோலத்தில் ஒரு பெண் நெஞ்சில் உட்கார்ந்து அமுக்குகிறாள், கத்தினால் சத்தம் வரவில்லை என்கிறாள். மாமியார், "அமுக்குவான் பேய். மல்லாந்து படுக்காதேன்னு எத்தனை தடவை சொன்னேன்" என்கிறார். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண்மணி "ஹந்து தின்டிஹ்" (மேலே ஏறி அமுக்கும் பேய்) என்கிறார். நாத்தனாருக்குத் தெரிந்த ஒருவர், அந்தக் கட்டடத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, கழிப்புக் கழிக்க 1,200 ரிங்கிட் ஆகும் என்கிறார். தூக்கத்திலேயே உயிர் போய்விடும் என்று எங்கோ படித்ததிலிருந்து மகள் தூங்கவே பயப்படுகிறாள். இரவெல்லாம் கைப்பேசியில் பேய்க்கதை படிப்பவள். கைப்பேசியைப் பிடுங்கி வைக்கட்டுமா? டாக்டரிடம் போவதா, அவரிடம் போவதா?

பதில்: இன்று மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்: "நீ சொல்வதை நம்புகிறேன். நீ பார்த்ததாகச் சொல்வது பொய்யில்லை, உனக்குப் புத்தியும் பேதலிக்கவில்லை. இதனால் உயிர் போகாது." இந்த மூன்றையும் நீங்கள் தயங்காமல் சொல்லலாம். அவளுக்கு நடப்பதற்கு மருத்துவத்தில் தூக்க முடக்கம் என்று பெயர். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான கணக்குப்படி, பொதுமக்களில் 100க்கு சுமார் 8 பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்திருக்கிறது. மாணவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 28 பேர். அவள் வகுப்பிலேயே விசாரித்தால் இன்னும் சிலர் வாயைத் திறப்பார்கள்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். கனவு அதிகம் வரும் கட்டத்துக்கு ரெம் தூக்கம் என்று பெயர். அந்த நேரத்தில் மூளைத்தண்டு கைகால் தசைகளைச் செயலிழக்க வைத்துவிடுகிறது. கனவில் ஓடினால் நிஜத்தில் கட்டிலிலிருந்து குதித்து ஓடாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். கண்ணும், மூச்சு விட உதவும் உதரவிதானமும் மட்டும் தடையில்லாமல் வேலை செய்யும். சில சமயம் இந்தப் பூட்டு திறப்பதற்கு முன்பே நினைவு விழித்துக்கொள்கிறது. கண் அறையைப் பார்க்கிறது, கனவோ இன்னும் முடியவில்லை, கைகால் வரவில்லை. பயத்தில் ஆழமாக மூச்சிழுக்கப் பார்க்கிறாள். விலா எலும்புத் தசைகள் தளர்ந்து கிடப்பதால் நெஞ்சு விரியவில்லை. அதுதான் யாரோ ஏறி உட்கார்ந்த பாரமாகத் தெரிகிறது. உண்மையில் மூச்சு நிற்கவே இல்லை. ஒரு யுகம் போலத் தோன்றினாலும் சில விநாடிகளில், மிஞ்சினால் ஓரிரு நிமிடத்தில் தானாக விட்டுவிடும். ரெம் தூக்கம் விடியும் நேரத்தில்தான் கூடுதல். அதனால்தான் அவளுக்கு விடியற்காலையில் வருகிறது.

உங்கள் மாமியார் சொன்னதை ஒதுக்கிவிடாதீர்கள். மல்லாந்து படுத்திருக்கும்போதுதான் இது அதிகம் வருகிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன. காரணத்தை அவர் பேய் என்கிறார், நான் ரெம் தூக்கம் என்கிறேன். ஆனால் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வதில் இருவரும் ஒரே கட்சி. பாட்டி சொன்னது சரி என்று பேத்தி முன்னாலேயே சொல்லுங்கள். அவர் மனம் குளிர்ந்தால் வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

அப்படியானால் ஏன் ஹைலண்ட் டவர்ஸ் போய்வந்த பிறகு? அந்த நாட்களில் அவள் எப்படித் தூங்கினாள் என்று கேட்டுப் பாருங்கள். பரீட்சை வருடம். டியூஷன் முடிந்து வந்து மாலையில் ஒரு குட்டித் தூக்கம், பிறகு நள்ளிரவு தாண்டிப் படிப்பு, படுத்த பிறகு கைப்பேசியில் கதை, காலையில் பள்ளி. ஏறக்குறைய எல்லா எஸ்.பி.எம். பிள்ளைகளின் நாளும் இப்படித்தான். தூக்கத்தை நடுவில் கலைத்து மறுபடி தூங்க வைத்தே இந்த முடக்கத்தை வரவழைக்க முடியும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1992இல் காட்டினார்கள். துண்டு துண்டான தூக்கம், தூக்கக் குறைவு, மன உளைச்சல் மூன்றும் சேர்ந்தால் போதும். ஒரு முறை வந்ததும் பயத்தில் தூக்கம் இன்னும் குறையும், அதனால் மறுபடி வரும்.

ஏன் அந்தப் பெண்? தசை பூட்டிக் கிடக்கும்போது, யாரோ அறைக்குள் இருக்கிறார்கள் என்ற உணர்வை மூளையே கிளப்புகிறது. முகத்தைக் கொடுப்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் அது கிழவியாக வருகிறது, எகிப்தில் ஜின்னாக வருகிறது. எகிப்தியரையும் டென்மார்க்காரரையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வில் எகிப்தியருக்குப் பயமும் அதிகம், முடக்கம் நீடித்ததாகச் சொன்ன நேரமும் அதிகம். அதாவது, அந்த நேரத்தில் நாம் வைத்திருக்கும் விளக்கமே பயத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. உங்கள் மகள் இரவு 1 மணிக்கு எதைப் படித்துவிட்டுக் கண் மூடுகிறாளோ, அதுவே விடியலில் தலைவிரி கோலமாக வந்து நிற்கிறது.

ஹைலண்ட் டவர்ஸ் பற்றி அவளிடம் விரிவாகப் பேசுங்கள். அவள் படித்த கதைகளில் இந்தப் பகுதி இருந்திருக்காது. உலு கிளாங்கில் 12 மாடியில் 3 கட்டடங்கள். 1993 டிசம்பர் 11 அன்று, நாள்கணக்கில் பெய்த மழைக்குப் பிறகு, பின்னால் இருந்த குன்று சரிந்து ஒரு கட்டடம் அடியோடு சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். குன்றின் மேல் மரங்களை வெட்டித் துப்புரவாக்கியிருந்தார்கள், ஓடைநீரைக் குழாயில் திருப்பிவிட்டிருந்தார்கள், அந்த வடிகால் தாங்கவில்லை, தடுப்புச் சுவர்களும் நிற்கவில்லை. அங்கே குடியிருந்தவர்கள் நீதிமன்றம் போய் வருடக்கணக்கில் போராடினார்கள். நாட்டின் ஸ்மார்ட் மீட்புக் குழு 1994இல் உருவாக இந்தத் துயரமே காரணம். இத்தனையும் இருக்க, இன்று பிள்ளைகள் காதில் விழுவது அங்கே உலாவும் ஆவிக் கதை மட்டும்தான். எனக்கு இது வேதனையாக இருக்கிறது. இறந்தவர்களுக்குப் பெயர் உண்டு, குடும்பம் உண்டு. இன்னும் மலைச்சரிவில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஊரில், பேயை விட வடிகாலைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும். பாழடைந்த கட்டடத்துக்குள் போவது உயிருக்கு ஆபத்து என்பதையும், போய்வந்ததைத் திட்டாமல், இந்தப் பேச்சோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கைப்பேசியைப் பிடுங்க வேண்டாம். பயந்துபோன பிள்ளையிடமிருந்து தோழிகளையும் சேர்த்துப் பிடுங்கியதாகிவிடும். திகில் கதை ஒரு நல்ல இலக்கிய வகை, அதை ரசிக்கும் பெண்ணுக்குக் கற்பனை வளம் இருக்கிறது. சிக்கல் நேரத்திலும், "உண்மைச் சம்பவம்" என்ற முத்திரையிலும்தான். ஸ்லெண்டர் மேன் என்ற முகமில்லாத நெடிய உருவத்தை அவளுக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறந்த தேதியே உண்டு: 2009 ஜூன் 10. அமெரிக்கரான எரிக் நூட்சன், இணையத்தில் நடந்த, படங்களை மாற்றிப் போலிப் பேய்ப்படம் தயாரிக்கும் போட்டிக்காக அதை உருவாக்கினார். ஐந்தே வருடத்தில், 2014இல், விஸ்கான்சினில் 12 வயதுச் சிறுமிகள் இருவர் அதை நிஜமென்று நம்பித் தோழியைக் கத்தியால் குத்தினார்கள். அந்தப் பிள்ளை உயிர் பிழைத்துவிட்டாள். அடுத்த முறை ஒரு கதை அவளைப் பயமுறுத்தினால், முதலில் எழுதியவர் யார், என்றைக்கு, படத்தை எடுத்தவர் யார் என்று தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். திகில் கதைப் பிரியர்களுக்கு இந்தத் துப்பறியும் வேலை மிகவும் பிடிக்கும். கதையெல்லாம் பகலில். இரவு 10 மணிக்குமேல் கைப்பேசி வரவேற்பறையில் சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும் கூடத்தான்.

இந்த வயதுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். மாலைத் தூக்கத்தை நிறுத்திவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழட்டும். ஒருக்களித்துப் படுக்க முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வையுங்கள். முடக்கம் வந்தால் முழுப் பலத்தோடு திமிற வேண்டாம். திமிறினால் நெஞ்சுப் பாரமும் பயமும் கூடும். "இது அதுதான், இப்போது போய்விடும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு மூச்சை அதன் போக்கில் விடட்டும். மனதுக்குப் பிடித்த முகத்தையோ முருகன் பாட்டையோ நினைக்கட்டும். கால் விரல் நுனியை அசைக்க முயல்வது பலருக்குக் கைகொடுக்கிறது. பக்கத்தில் படுத்திருப்பவர் தொட்டாலே முடக்கம் கலைந்துவிடும் என்பதால் சில வாரம் பாட்டி அதே அறையில் படுத்தால் நல்லது.

திருநீறு பூசுவதும், தலைமாட்டில் வேப்பிலை வைப்பதும் அவளுக்குத் தெம்பு தந்தால் தாராளமாகச் செய்யுங்கள். 1,200 ரிங்கிட் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள். பணத்தைவிடப் பெரிய நஷ்டம், "உன்மேல் ஏதோ இருக்கிறது" என்று ஒரு பெரியவர் வாயால் அவள் கேட்பது. எகிப்து ஆய்வை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். நாத்தனாரிடம், "முதலில் டாக்டரிடம் காட்டுகிறோம் அண்ணி" என்று சொல்லி முடித்துவிடுங்கள்.

தூக்கத்தில் சாவு என்று அவள் படித்தது வேறொரு சங்கதி. 1980களில் சிங்கப்பூரில் வேலைக்குப் போன தாய்லாந்து இளைஞர்கள் பலர் தூக்கத்திலேயே இறந்தார்கள். அவர்கள் ஊரில் விதவைப் பேய் என்று பயந்து, ஆண்கள் நகப்பூச்சுப் பூசிக்கொண்டு படுத்தார்கள். அப்படிப்பட்ட மரணங்கள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது, 1992இல் ப்ருகாடா சகோதரர்கள் விவரித்த பரம்பரை இதயக் கோளாறு. அது பெரும்பாலும் இளம் ஆண்களைத் தாக்குவது. அதற்கும் தூக்க முடக்கத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் உங்கள் குடும்பத்தில், இரு பக்கத்திலும், இளவயதில் திடீரென்று இறந்தவர் இருந்தாலோ, மகள் எப்போதாவது மயங்கி விழுந்திருந்தாலோ ஒரு இ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

தூக்கத்தை ஒழுங்குபடுத்தி ஒரு மாதம் ஆகியும் வாரத்துக்குப் பல முறை வந்தால், இரவு நன்றாகத் தூங்கியும் வகுப்பில் தன்னை மீறித் தூங்கி விழுந்தால், சிரிக்கும்போதோ கோபப்படும்போதோ முழங்கால் மடங்கிப் போனால், அல்லது விழித்திருக்கும் பகலிலும் குரலோ உருவமோ தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டிப் பார்க்கலாம், அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் தருவார்கள். போகும்போது எத்தனை மணிக்குப் படுத்தாள், எழுந்தாள், எந்த நாளில் அமுக்கியது என்று 2 வாரத்துக்கு ஒரு நோட்டில் மகளையே எழுதிவைக்கச் சொல்லிக் கையோடு கொண்டுபோங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.